மாடிக்கு வாடகை வரும், காற்றும் வரும்

கேள்வி: எங்கள் ஊர் கீழக்கரை. வள்ளல் சீதக்காதி சாலையைப் பார்த்தபடி, கீழே கடை, மேலே வீடு என்று வாப்பா 1996-ல் கட்டிய கட்டடம் எங்களுடையது. எனக்கும் ராத்தாவுக்கும் சேர்த்து எழுதி வைத்திருக்கிறார். ராத்தா சென்னையில் இருக்கிறார், என் கணவர் துபாயில். மதுரையிலிருந்து வந்த விளம்பர ஏஜென்ட் ஒருவர், மொட்டை மாடியில் 20-க்கு 10 அடி போர்டு வைக்க மாதம் 8,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். மாடி வேண்டாம் என்றால் முன்பக்கச் சுவரிலேயே, மேல்மாடி ஜன்னல்களை மறைத்த மாதிரி அடித்துக்கொள்வதாகவும் அதற்கு 5,000 தருவதாகவும் சொல்கிறார். அனுமதியெல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். ஐந்து வருடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதுமாம். எதிர்க் கட்டடத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு போர்டு இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? கீழே வாடகைக்கு இருக்கும் மருந்துக் கடைக்காரர் தன் பெயர்ப் பலகையைப் பெரிதாக்கிக்கொள்ளக் கேட்கிறார், அதற்கும் அனுமதி வேண்டுமா? வாப்பா காலத்தில் வைத்த ஒரு போர்டின் இரும்புச் சட்டம் இன்னும் மாடியில் நிற்கிறது. துணி காயப்போட அதில் கொடி கட்டியிருக்கிறோம். அந்தச் சட்டத்தையே பயன்படுத்திக்கொள்வதாகவும் ஏஜென்ட் சொல்கிறார்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த இரும்புச் சட்டம்தான் என்னை முதலில் உறுத்தியது. வாப்பா காலத்துச் சட்டம் என்றால் எத்தனையோ வருடங்களாகக் கடற்காற்றில் நிற்கிறது. இந்த வாரமே, வெயில் நேரத்தில், மாடிக்குப் போய் அதன் கால்களைப் பாருங்கள். கொடி கட்டியிருக்கும் மேல் கம்பியைப் பார்க்க வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கும். கால் தரையில் உட்கார்ந்திருக்கும் தகட்டையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டையும் பாருங்கள். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தகட்டின் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள். துரு அடுக்கடுக்காக, பப்படம் மாதிரி உரிந்து வந்தால் அந்தக் கால் வெறும் தோற்றத்துக்கு நிற்கிறது என்று அர்த்தம்.

நம் கரையில் இரும்பு கெடுவது இப்படித்தான். நடுக்கம்பியில் படும் உப்பை மழை கழுவிவிடும். தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள முடி அளவு இடைவெளியில் இறங்கிய உப்புத் தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தங்கி, போல்ட்டின் கழுத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். நான் கழற்றிப் பார்த்த ஒரு போல்ட் மேலே 16 மில்லிமீட்டர் கனம் இருந்தது, தகட்டுக்குக் கீழே பென்சில் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. அந்த போல்ட்டை இன்னும் என் மேசையில் வைத்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் காற்றைப் பேசிவிடுவோம். 20-க்கு 10 என்றால் 200 சதுர அடி, கிட்டத்தட்ட பதினெட்டரை சதுர மீட்டர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன் முகத்தில் நேராக மோதினால் 220 கிலோ அளவுக்குத் தள்ளும். ஐப்பசி கார்த்திகையில் மழையோடு வரும் பலத்த காற்றுக்கே அந்த வேகம் உண்டு. வேகம் 100 ஆனால் தள்ளும் விசை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்காகும். அதாவது சுமார் 875 கிலோ. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கஜா கரை கடந்தபோது காற்று 100-ஐத் தாண்டித்தான் வீசியது. அது நம் பக்கம் வராமல் போனது நம் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

இந்த 875 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது என்பதோடு விஷயம் முடிவதில்லை. போர்டின் நடுப்பகுதி மாடித் தளத்திலிருந்து ஒன்பது அடி உயரத்தில் இருக்கிறது, முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஐந்து அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்று அதைக் கவிழ்க்கப் பார்க்கும்போது, காற்று வரும் பக்கத்துக் கால்கள் தளத்தைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். அந்த இழுப்பு ஒன்றரை டன்னைத் தாண்டும். இரும்பின் சொந்த எடை அதில் கொஞ்சம் குறைக்கும், அதிகம் இல்லை. உங்கள் மாடித் தளத்தைப் போட்ட கொத்தனார், சதுர மீட்டருக்கு 150 கிலோ கீழ்நோக்கி அழுத்தும் என்ற கணக்கில், ஆட்கள் நடக்க, துணி காயப்போடத் தோதாகப் போட்டிருப்பார். மேல்நோக்கி ஒன்றரை டன் இழுக்கும் என்று யாரும் நினைத்துப் போடவில்லை. கைப்பிடிச் சுவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாலரை அங்குலச் செங்கல் சுவர் பிள்ளைகள் விழாமல் இருக்கக் கட்டியது. அதில் ஆங்கிள் அடித்துப் போர்டை நிறுத்தியிருப்பதை எங்கே பார்த்தாலும் நான் அந்தப் பக்கம் நடக்காமல் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

இன்னொன்று, 1996-ல் நம் கடலோர ஊர்களில் கட்டிய கட்டடங்களில் உப்பு மணலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்திருப்பது அபூர்வம் இல்லை. உள்ளே கம்பி துருப்பிடித்தால் உப்பிப் பெருத்து, மேலே உள்ள காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். உங்கள் வீட்டில் மேல்மாடிக் கூரையின் அடிப்பக்கம் எங்காவது பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா, சிவப்பாகக் கறை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் போர்டு பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். அந்தக் கூரைக்கு முதலில் வைத்தியம் தேவை.

சரி, அந்த போல்ட் கதை. பல வருடங்களுக்கு முன்னால், பெயர் சொல்லாத ஒரு கடலோர ஊரில், மாடிப் போர்டு ஒன்றுக்கு உறுதிச் சான்றிதழ் கேட்டு ஓர் ஏஜென்ட் என்னிடம் வந்தார். நேரில் ஏறிப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். அவர் திரும்பி வரவில்லை, வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு விடியற்காலையில் அந்தப் போர்டு விழுந்தது. பின்கால்கள் தளத்தோடு சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்து, மாடியில் இரண்டு ஓட்டை. கீழே படுக்கையறைக்குள் மழைத் தண்ணீர். தெருவில் சவாரிக்குக் கிளம்பிய ஆட்டோ மேல் சட்டத்தின் ஒரு முனை விழுந்து ஓட்டுநரின் கை முறிந்தது. ஏஜென்ட்டின் செல்போன் அன்றிலிருந்து எடுக்கப்படவில்லை. ஒப்பந்தத்தில் இருந்த முகவரியில் வேறு யாரோ குடியிருந்தார்கள். போலீஸ் வந்து கேட்டது வீட்டுக்காரரைத்தான். ஆஸ்பத்திரிச் செலவு, தள மராமத்து எல்லாம் அவர் தலையில் விழுந்தது, அதுவரை வாங்கிய வாடகையைப் போல இரண்டு மடங்கு. கூரையைச் சரிசெய்ய என்னைக் கூப்பிட்டபோதுதான் அந்த போல்ட்டை எடுத்துவந்தேன். முதலில் ஏஜென்ட் வந்த அன்றே அந்த வீட்டுக்காரரைத் தேடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுதான் காரணம்.

இனி சட்டம். சொந்தக் கட்டடம், சொந்த மாடி, யாரைக் கேட்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் விளம்பரப் பலகைகளுக்கு உரிமம் கட்டாயம் என்ற சட்டத்தை விளம்பர நிறுவனங்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் எதிர்த்துப் பார்த்தன. 2008-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்துவிட்டது. தெருவில் போகிறவரின் கண்ணும் உயிரும் சம்பந்தப்பட்ட பொருள் என்பதால், அது தனியார் கட்டடத்தின் மேல் நின்றாலும் கட்டுப்பாடு உண்டு. இப்போது நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன்கீழ் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளும். கீழக்கரை நகராட்சி என்பதால் இவை உங்களுக்கு அப்படியே பொருந்தும்.

உரிமம் இல்லாமல் போர்டு வைத்தால் மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 25,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2023 ஜூன் 1 அன்று கோவை கருமத்தம்பட்டி அருகே போர்டு பொருத்திக்கொண்டிருந்தபோது சூறைக்காற்றில் இரும்புச் சட்டம் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அதற்கப்புறம் அரசு தெளிவாகவே அறிவித்தது: போர்டு விழுந்து உயிரிழப்போ காயமோ நேர்ந்தால் விளம்பர நிறுவனம், தனிநபர், இடத்தின் உரிமையாளர் ஆகியோரே முழுப் பொறுப்பு, இழப்பீடும் அவர்களே தர வேண்டும், கிரிமினல் நடவடிக்கையும் உண்டு. இடத்தின் உரிமையாளர் என்றால் நீங்களும் உங்கள் ராத்தாவும். அனுமதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஏஜென்ட் சொல்வதில், அனுமதி கிடைக்காவிட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பது இல்லை.

மும்பை காட்கோபரில் 2024 மே 13-ல் விழுந்த போர்டு 17 பேரைக் கொன்றது. அது மாடியில் நின்றதுகூட இல்லை, தரையில் அஸ்திவாரம் போட்டு நிறுத்தியது. 40-க்கு 40 அடிக்கு மேல் கூடாத ஊரில் 120-க்கு 120 அடி. கேட்க வேண்டியவர்கள் கேட்காத இடத்தில் அளவு எப்படி வளர்கிறது என்பதற்கு அது ஒன்று போதும். உங்களிடம் 20-க்கு 10 என்று சொல்கிறவர், நாளை 30-க்கு 15 கொண்டுவந்து நிறுத்தமாட்டார் என்று எழுத்தில் இருக்கிறதா?

எதிர்க் கட்டடத்தில் போர்டு இருப்பது உங்களுக்கு எந்த அனுமதியும் தராது. அந்தப் போர்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று நகராட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வாயால் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம். கேட்பது சண்டை இல்லை, அந்தத் தெருவில் நடக்கிறவரின் உரிமை. அதோடு, உங்கள் இடத்துக்கே உரிமம் கிடைக்குமா என்பது முதலில் தெரிய வேண்டும். பள்ளிக்கூடம், உள்நோயாளிகள் இருக்கும் மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், சாலைச் சந்திப்பு இவற்றை ஒட்டிய இடங்களுக்குத் தடை இருந்துவருகிறது. கீழக்கரையின் தெருக்களை நான் நடந்து பார்த்திருக்கிறேன். பள்ளிவாசலும் மதரசாவும் பள்ளிக்கூடமும் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்தடுத்து வரும் ஊர் அது. ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு உங்கள் கட்டடத்திலிருந்து இரண்டு பக்கமும் அளந்து, ஒரு தாளில் படம் போட்டு, அதை நகராட்சியில் காட்டி, இந்த இடத்துக்கு உரிமம் கிடைக்குமா, இன்றைய விதிப்படி எத்தனை மீட்டர் விலகல் வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் ஒரு நாளில் உங்கள் குழப்பம் தீர்ந்தது.

கிடைக்கும் என்றால், அப்புறம் நீங்கள் ஏஜென்ட்டிடம் பேசலாம். பேசும்போது வாடகையைக் கடைசியில் வையுங்கள். கட்டமைப்புப் பொறியாளர் நேரில் மாடியேறிப் பார்த்து, தூண்களின் இடத்தைக் குறித்து, போர்டின் கால்கள் தூண் தலைகளிலோ உத்திரத்திலோ மட்டும் பிடிக்குமாறு வரைபடம் தர வேண்டும். தட்டோட்டைத் துளைத்து வெறும் தளத்தில் போல்ட் அடிக்கக் கூடாது. பிடிமானமும் இல்லை, மழைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். இரும்பு முழுக்கத் துத்தநாகப் பூச்சு ஏறிய ஜி.ஐ. ஆக இருக்க வேண்டும், வெல்டிங் செய்த இடங்களில் மறுபடி பூச்சு வேண்டும். அந்தப் பொறியாளருக்கான கட்டணம் அவர்கள் செலவு. ஆனால் ஆளை நீங்கள் தேர்ந்தெடுங்கள். வருடா வருடம் புரட்டாசிக்குள் அதே சோதனை மறுபடி நடக்க வேண்டும்.

உரிமத்தின் நகல் உங்கள் கைக்கு வந்த பிறகே ஒரு கம்பி மாடியேறலாம். உரிம எண்ணும் காலாவதித் தேதியும் போர்டின் கீழ் மூலையில் தெருவிலிருந்து தெரிகிற மாதிரி எழுதப்பட வேண்டும். மூன்றாம் நபருக்கு விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் காப்பீட்டை அவர்கள் எடுத்து, அதில் உங்கள் இருவர் பெயரும் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளில் சட்டத்தை இறக்கிவிட்டு, ஓட்டைகளை அடைத்துத் தருவார்கள் என்பதற்கு ஒரு முன்பணம் உங்களிடம் இருக்க வேண்டும். வாப்பா காலத்துப் போர்டைக் கழற்றியவர்கள் சட்டத்தை விட்டுவிட்டுப் போனது இந்த ஒரு வரி இல்லாததால்தான்.

நான் கட்டாயம் சேர்க்கச் சொல்லும் இன்னொரு வரி நம் ஊருக்கே உரியது. பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால், அன்றே பிளக்ஸ் இறக்கப்பட வேண்டும். துணி இல்லாத வெறும் சட்டத்தைக் காற்று பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும், கவிழ்க்கும் விசை மிகவும் குறைந்துவிடும். மதுரையிலிருந்து ஆள் வர நேரமாகும் என்றால், உள்ளூரில் ஓர் ஆளை அவர்கள் நியமித்து, அவர் செல்போன் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். பிளக்ஸில் அங்கங்கே பிளேடால் கீறிவிட்டால் காற்று போய்விடும் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்தக் கீறல்கள் விசையைப் பெரிதாகக் குறைக்காது, புயலன்று அங்கிருந்துதான் கிழிந்து மின்கம்பியில் போய்ச் சுற்றும்.

ஐந்து வருட ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்பதும் சரியில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். கட்டடம் இரண்டு பேர் பெயரில் இருப்பதால் ராத்தாவின் கையெழுத்தும் தேவை. நீங்கள் மட்டும் போட்டுவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால், சட்டப் பிரச்சினையைவிட அக்கா தங்கைக்குள் வரும் மனத்தாங்கல்தான் பெரிதாக இருக்கும். முதலில் அவருக்கு போன் பண்ணி, இந்தக் கடிதத்தைப் படித்துக்காட்டுங்கள். உங்கள் கணவர் துபாயிலிருந்து சம்மதம் சொன்னாலும், சொத்தில் அவர் பெயர் இல்லாததால் கையெழுத்தும் பொறுப்பும் உங்கள் இருவருடையதே.

முன்பக்கச் சுவரில் ஜன்னல்களை மறைத்து அடிப்பது பற்றி என் பதில் ஒரே சொல்: வேண்டாம். 5,000 இல்லை, 50,000 தந்தாலும் வேண்டாம். கீழே கடை, ஒரே மாடிப்படி. அந்தப் படியில் புகை ஏறினால் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் மூச்சுவிடவும் குரல் கொடுக்கவும் ஆள் ஏறி வந்து இறக்கவும் மிச்சமிருப்பது அந்த ஜன்னல்கள்தான். பிளக்ஸ் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அதன் புகை நெஞ்சை அடைக்கும். சித்திரை வைகாசியில் சாயங்காலம் ஆனதும் கடல் பக்கமிருந்து வரும் காற்றுக்காகத்தான் வாப்பா அங்கே ஜன்னல் வைத்திருப்பார். அதை மாதம் 5,000-க்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதே பணத்தை ஏ.சி.யின் கரண்ட் பில்லாகக் கட்டுவீர்கள்.

மருந்துக் கடைக்காரரின் விஷயம் சுலபம். தன் கடையின் பெயரைத் தன் கடை முகப்பிலேயே வைப்பதும், அடுத்தவர் பொருளை விளம்பரம் செய்யும் போர்டும் ஒன்றல்ல. பெயர்ப் பலகையைச் சுவரோடு ஒட்டி, தெருவுக்குள் நீட்டாமல் வைத்துக்கொள்ளட்டும். நீட்டினால் ஆக்கிரமிப்பு. தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 என்ற அளவில். ஏதாவது மருந்து கம்பெனி இலவசமாகப் பலகை தருகிறது, கம்பெனி பெயர் முக்கால்வாசியும் கடைப் பெயர் கால்வாசியுமாக இருக்கும் என்றால், அதற்கு நகராட்சியில் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

மாடியில் நிற்கும் பழைய இரும்புச் சட்டத்தை யார் வந்து கேட்டாலும் மறுபடி பயன்படுத்த விடாதீர்கள். அதைக் கழற்றும் வேலையையும் பழைய இரும்புக் கடைக்காரரிடம் மொத்தமாக விட்டுவிடாதீர்கள். மாடிக்குப் பக்கத்தில் மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். 11,000 வோல்ட் கம்பி என்றால் கட்டடத்திலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் விலகியிருக்க வேண்டும், ஆனால் 20 அடி ஆங்கிளைத் தூக்கித் திருப்புகிறவருக்கு அந்த 1.2 மீட்டர் எந்த மூலைக்கும் காணாது. மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வேலை நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மேலிருந்து கீழாகத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி மாடிக்குள்ளேயே இறக்கி, படி வழியாகக் கொண்டுபோகட்டும். கீழே ஆளை நிறுத்தித் தெருவில் அந்தப் பக்கத்தை மறித்துக்கொள்ளுங்கள். போல்ட் இருந்த ஓட்டைகளைச் சுத்தம் செய்து, சுருங்காத சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே நீர்க்காப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். இதெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன்னால் முடிந்தாக வேண்டும். அதுவரைக்கும் துணிக்கொடியைக் கழற்றி மாடிப்படி அறைச் சுவருக்கு மாற்றிக் கட்டுங்கள், பிள்ளைகளை அந்தச் சட்டத்தின் அருகே விளையாட விடாதீர்கள்.